பச்சை உடம்பும் குறையாத எடையும்: பிரசவமான தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு தாயிடம் கேட்பது, "என்னம்மா, வயிறு இன்னும் குறையவே இல்லையா?" என்றுதான். பிரசவமான பெண்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டான என்னிடம் வருகிறவர்களும் அதையேதான் முதலில் கேட்கிறார்கள். தையல் வலிக்கிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது, இரவெல்லாம் தூக்கமில்லை என்பதெல்லாம் பிறகு தயங்கித் தயங்கி வெளியே வருகின்றன. என் பார்வையில் இந்த வரிசை மாற வேண்டும். உடம்பு முதலில் தேற வேண்டும், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

குழந்தை பிறந்த பிறகும் வயிறு ஆறு மாதக் கர்ப்பம்போல இருக்கிறதே, ஏன்?

கர்ப்பப்பை ஒரே நாளில் சுருங்கிவிடாது. பிரசவம் முடிந்தவுடன் அதன் எடை சுமார் 1 கிலோ. தொப்புள் மட்டம்வரை உயர்ந்து நிற்கும். தினமும் ஏறக்குறைய ஒரு விரற்கடை வீதம் இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரம் ஆகும்போது 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிப்பதுபோல் வலிக்கிறதல்லவா, அது கர்ப்பப்பை சுருங்குகிற வலி. குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்த வலி கூடுதலாகவே இருக்கும்.

குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், ரத்தம் எல்லாம் சேர்த்துப் பிரசவத்தன்றே 5 முதல் 6 கிலோ குறைந்துவிடுகிறது. உடம்பில் தேங்கிய நீர் அடுத்த சில நாட்களில் வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேறும். இரவில் நைட்டி நனையும் அளவுக்கு வியர்த்தால், காய்ச்சல் இல்லாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை.

பழைய எடைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்?

ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். கர்ப்பத்தில் 10, 12 கிலோ கூடியவருக்கும் 20 கிலோ கூடியவருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. முதல் ஆறு வாரங்களில் எடை பார்க்கும் கருவிப் பக்கமே போக வேண்டாம். அதன் பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகத்தில் குறைந்தால் நல்லது. அதைவிட மெதுவாகக் குறைந்தாலும் தவறில்லை. ஒன்றிரண்டு கிலோ நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. குழந்தை பெற்ற இரண்டே மாதத்தில் ஒல்லியாகத் தெரியும் நடிகையின் படத்தைப் பார்த்து ஏங்காதீர்கள். அவர் வீட்டில் சமைக்க ஆள் உண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, பயிற்சியாளரும் உண்டு.

உதிரப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? எப்போது பயப்பட வேண்டும்?

முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பாக இருக்கும். பிறகு பழுப்பாகி, பத்து நாளுக்குப் பின் வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நான்கு முதல் ஆறு வாரம்வரை வரலாம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இப்படித்தான்.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால், எலுமிச்சம்பழ அளவில் ரத்தக்கட்டி விழுந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், உதிரத்தில் துர்நாற்றம் வீசினால், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், கடுமையான தலைவலியோடு கண் மங்கினால், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரமென்றால் 108. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் அது ஏறலாம். "தூக்கம் கெட்டதால் தலைவலி" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

மாமியார் தண்ணீர் அதிகம் குடிக்கவிடுவதில்லை. வயிறு ஊதிவிடும் என்கிறார். பத்தியச் சாப்பாடு தேவையா?

பத்தியத்தில் பாதி பொன்னானது. மீதியைப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது தவறு. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். தையல் போட்ட இடத்தோடு முக்குகிற வேதனை பட்டவர்களுக்குத்தான் தெரியும். சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். வயிறு பெரிதாகத் தெரிவது தசை தளர்ந்ததால். குடித்த தண்ணீர் அங்கே தங்குவதில்லை. பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரோ சீரகத் தண்ணீரோ இருக்கட்டும். வெந்நீர்தான் தருவேன் என்று மாமியார் சொன்னால் சண்டை வேண்டாம், அதையே வயிறாரக் குடியுங்கள்.

பூண்டுக் குழம்பு, மிளகுக் குழம்பு, சுண்டைக்காயும் வேப்பம்பூவும் சேர்ந்த அங்காயப் பொடி, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவுகள். கருவாடும் நல்லதுதான், ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதன் உப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். பால் சுறாப் புட்டு பால் ஊற வைக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்கிறது. எப்போதாவது ஒரு முறை போதும். அடிக்கடி சாப்பிட நெத்திலியும் மத்தியும் மேல், விலையும் குறைவு.

லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமத்தோடு கருப்பட்டி, நெய், நல்லெண்ணெய் எல்லாம் இருக்கின்றன. காலையில் நெல்லிக்காய் அளவு உருட்டிச் சாப்பிட்டால் சரி. நாளுக்கு மூன்று வேளை கரண்டியில் அள்ளித் தின்றுவிட்டு எடை ஏன் கூடுகிறது என்று கேட்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

காய்கறி, பழம், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் நாற்பது நாள் விலக்கி வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ரத்தம் இழந்த உடம்புக்கு மிளகு ரசச் சோறு மட்டும் போதாது. ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் உண்மையில்லை.

தாய்ப்பால் கொடுத்தாலே எடை குறைந்துவிடுமா?

உதவும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. பால் சுரக்க நாளுக்குச் சுமார் 500 கலோரி செலவாகிறது. அதில் ஒரு பகுதியைக் கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொள்ளும். ஆனால் பால் கொடுக்கும்போது பசி வயிற்றைக் கிள்ளும். நள்ளிரவில் குழந்தை எழுந்த பிறகு டப்பாவைத் திறந்தால் கையில் வருவது முறுக்கும் ரஸ்க்கும்தான். அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. படுக்கும் முன்பே ஒரு கிண்ணத்தில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, நான்கு பேரீச்சம்பழம் எடுத்து வைத்துவிடுங்கள்.

பாலுக்குத் தேவையானதைச் சாப்பிட வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம். முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாக 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஏற்கெனவே அதிக எடை உள்ளவர்கள் அதைவிடச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டினி, ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் பழச்சாறு போன்றவை கூடவே கூடாது.

அப்படியானால் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

நம் வீட்டு மதியச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் குவியலாகச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் திருப்பிப் போடுவதுதான் முழு வேலையும். சோறு கால் தட்டு. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று கால் தட்டு. மீதிப் பாதியில் கீரையும் காயும். ஒரு கிண்ணம் தயிர். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிடுகிறவர் மூன்று இட்லி, நிறையச் சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றினால் மதியம்வரை பசி தாங்கும்.

பல வீடுகளில் நான் பார்ப்பது வேறு சிக்கல். குழந்தையைத் தூங்க வைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மூன்று மணிக்கு நின்றுகொண்டே மிச்சத்தை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறாள் தாய். காய் தீர்ந்திருக்கும், சோறுதான் இருக்கும். எடைக்கு எந்தக் கஷாயமும் தேட வேண்டாம், அவளுக்கு முதல் பந்தியில் இலை போடுங்கள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைச் சொல்லி வெறும் கொள்ளுத் தண்ணீரை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. கொள்ளு ரசமும் துவையலும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது கொழுப்பைக் கரைத்து வெளியேற்றாது.

பழைய சேலையால் வயிற்றைக் கட்டுவது, பெல்ட் போடுவது பயன்படுமா?

தாங்கலாக இருக்கும். சிசேரியன் ஆனவர்கள் எழுந்து நடக்கும்போது வலி குறைவாகத் தெரியும். கொழுப்பு அதனால் குறையாது, வயிறும் நிரந்தரமாக உள்ளே போகாது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளைப் பாதிக்கும். இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாக, நடமாடும்போது மட்டும், சில வாரங்கள் போடலாம். காயம் ஈரமாக இருந்தால் வேண்டாம்.

வயிற்றின் நடுவில் மேடுபோல எழும்புகிறது. அது என்ன?

வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்பத்தில் விலகுகின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஓரளவு நடப்பதுதான். பலருக்கு முதல் எட்டு வாரங்களில் தானாகவே நெருங்கி வந்துவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். விரல் நுனிகளைத் தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே, இடம் வலமாக வையுங்கள். தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை இறுகுவது விரலில் தெரியும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று கவனியுங்கள். தொப்புளிலும் அதற்குக் கீழேயும் இதேபோல் பாருங்கள். இரண்டு விரல்வரை இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தாலோ, விரல் ஆழமாகப் புதைந்தாலோ, எழும்போது நடுவயிறு கூரைபோல் முட்டிக்கொண்டு நின்றாலோ பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அதுவரை படுத்தபடி உடம்பைத் தூக்கி எழும் வயிற்றுப் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். வயிறு குறைய வேண்டுமென்று பெண்கள் முதலில் தொடங்குவது அதைத்தான். விலகிய தசைக்கு அது கேடு.

உடற்பயிற்சியை எப்போது தொடங்கலாம்?

நடையை மறுநாளே தொடங்கலாம். படுக்கையிலிருந்து கழிப்பறைவரை போவதும் நடைதான். பச்சை உடம்பு என்று சொல்லி நாற்பது நாள் படுக்கையிலேயே வைத்திருப்பது ஆபத்து. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் அதிகம். அசையாமல் கிடந்தால் இன்னும் கூடும். ஓய்வு வேண்டும், முடக்கம் கூடாது.

சிசேரியன் ஆனவர்கள் எழும் முறையை முதலில் பழக வேண்டும். மல்லாந்த நிலையில் தலையைத் தூக்கி எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். இருமவோ தும்மவோ வந்தால் ஒரு தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடியுங்கள். ஆறு வாரம்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்: தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி நிறைந்த வாளி எதுவாக இருந்தாலும் சரி.

முதல் வாரத்திலிருந்தே ஆழ்ந்து மூச்சு விடுங்கள். வெளிமூச்சில் அடிவயிற்றை மெல்ல முதுகுப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். ஆறு வாரப் பரிசோதனையில் மருத்துவர் சரி என்ற பிறகு நடையை நீட்டலாம். நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்ற அளவை மெல்ல எட்டுங்கள். ஓட்டம், குதிப்பது, கனமான எடை தூக்குவது போன்றவற்றுக்கு மூன்று மாதமாவது பொறுங்கள். பயிற்சியில் ரத்தப்போக்கு மீண்டும் கூடினால், உடம்பு "நிறுத்து" என்று சொல்கிறது என்று அர்த்தம்.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

பலருக்கு நேர்கிறது என்பது உண்மை. பொறுத்துப் போக வேண்டும் என்பது உண்மையில்லை. கூச்சப்பட்டு வருடக்கணக்கில் மறைத்து, கல்யாண வீட்டுக்குப் போகவே தயங்குகிற பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனம் கனத்துப்போகும்.

சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி முழுமையாகத் தளர்த்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இதுதான் கெகல் பயிற்சி. தொடையையும் பிட்டத்தையும் இறுக்க வேண்டாம், மூச்சையும் அடக்க வேண்டாம். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்து பழகவும் வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலோருக்கு மாற்றம் தெரியும். தெரியாவிட்டாலோ, கீழே ஏதோ இறங்குவதுபோல் கனமாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒழுங்காகச் சாப்பிட்டு நடந்தும் எடை குறையவில்லையே?

முதலில் தைராய்டு. பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் அதிகமாகச் சுரந்து பிறகு குறைந்துவிடும். அளவுக்கு மீறிய சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுவது எல்லாம் சேர்ந்திருந்தால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவது மட்டும் என்றால் அது இயல்பு, மீண்டும் வளரும்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று பலர் திரும்பியே பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். எடை குறைப்பது அழகுக்காக அல்ல என்று நான் சொல்வது இவர்களை நினைத்துத்தான்.

தூக்கமின்மையும் பசியைக் கூட்டும். இரவில் ஒரு முறையாவது குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து தூங்க வைக்கும் வேலையைக் கணவர் ஏற்றால், அது எடை குறைப்புக்குச் செய்யும் நேரடி உதவி.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் உடம்பு குண்டாகுமா?

ஆகாது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீயோடும் வேண்டாம். ரத்தசோகை இருக்கும்வரை நடக்கவே தெம்பு இருக்காது.

என் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள். கண்ணாடியைப் பார்த்து "அசிங்கமாக இருக்கிறேன்" என்கிறாள். என்ன செய்வது?

முதல் இரண்டு வாரம் திடீர் அழுகையும் எரிச்சலும் பலருக்கும் வரும். தூக்கமும் அரவணைப்பும் கிடைத்தால் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தைமேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், சாப்பாடும் தூக்கமும் அற்றுப்போனால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அவளுடைய உடம்பைப் பற்றி வருகிறவர்கள் பேசும்போது குறுக்கிட்டுப் பேச்சை மாற்றுவது உங்கள் வேலை. அவளே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

எடை குறைக்கும் பவுடர், கொழுப்பைக் கரைக்கும் மூலிகை மாத்திரை?

பால் கொடுக்கும்போது வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. பாலில் கலந்து குழந்தைக்குப் போகலாம்.

கருத்தடை முறைகளால் எடை கூடுமா? அடுத்த குழந்தைக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும்?

காப்பர்-டி எடையைக் கூட்டாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் சாப்பிடும் சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியால் சிலருக்கு எடை கூடுவதுண்டு. ஏற்கெனவே எடை அதிகம் என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு முறையைக் கேட்கலாம்.

பால் கொடுத்தால் கரு தங்காது என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். இந்தக் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பிய பிறகு அடுத்த கர்ப்பத்தைப் பற்றி யோசியுங்கள். அதற்குள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வயிற்றுத் தசை சேர்ந்துவிட்டதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.